மூன்றாவது பத்தி

2024 நவம்பர் 4, திங்கள்

இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ரிஜிஸ்டர் தபால் வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அம்மா வர நாலரை மணி ஆகும். அதுவரை பிரிக்காமல் டிவி மேல் வைத்திருந்தேன். பிரிக்காமல் என்று எழுதியது பொய். பிரித்துப் படித்துவிட்டு, ஓரத்தில் பசை தடவித் திரும்ப ஒட்டினேன்.

எங்கள் வீட்டுக்கு இங்கிலீஷில் எது வந்தாலும் நான் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். அம்மா எட்டாவது வரைதான் படித்தாள். அப்பா ஐ.டி.ஐ. முடித்தவர், மெஷின் புத்தகம் எல்லாம் தானே படிப்பார். இப்போது எழுத்து ஓரிடத்தில் நிற்பதில்லை என்கிறார்.

கடிதத்தில் நான்கு பத்தி. அப்பாவுக்கு மாதாமாதம் தர வேண்டிய தொகையைத் தர முடியாதாம். பாலிசி எடுப்பதற்கு முன்பே அவருக்கு மனநோய் இருந்ததாம், அதை ஃபாரத்தில் மறைத்துவிட்டாராம்.

அம்மா கையைக்கூடக் கழுவாமல் நின்று கேட்டாள்.

"முன்னாலயே இருந்துச்சா? யார் சொன்னாங்களாம்?"

"விசாரிச்சாங்களாம்மா."

"யாரை விசாரிச்சாங்க? அவருக்கு முன்ன ஒண்ணுமே இல்லியே."

அப்பா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "உட்ரு கலா," என்றார். இன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

மூன்றாவது பத்தியைக் கொஞ்சம் வேகமாகப் படித்தேன்.

நவம்பர் 5

பழைய கணக்கு நோட்டின் பின்பக்கம் இதை எழுதுகிறேன். எல்லோரும் படுத்த பிறகு சமையலறையில் உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது. எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே சுற்றுகிறது.

அப்பா பம்பு செட் கம்பெனியில் சி.என்.சி. மெஷின் ஓட்டினார். போன சித்திரையில் ஒரு நாள் பச்சைப் பட்டன் மேல் கையை வைத்தபடி ஷிப்ட் முழுக்க நின்றிருக்கிறார். அமுக்கவே இல்லை. சூப்பர்வைசர் பைக்கில் கொண்டுவந்து விட்டார். "என்னன்னு தெரியலீங்க அக்கா, கேட்டா அழுவறாரு," என்றார். பிறகு பெரிய ஆஸ்பத்திரி, மாத்திரை. மெஷின் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் பார்த்துவிட்டுக் கம்பெனியில் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக் கடன் வாங்கியபோது பேங்க்கில் சேர்த்துக் கொடுத்த பாலிசி ஒன்று இருந்தது. நோய் வந்து வேலை செய்ய முடியாமல் போனால், இரண்டு வருஷத்துக்கு மாதம் ஒரு தொகை. அந்த பாலிசியை அப்போது வேண்டாம் என்றவள் அம்மா. இப்போது அதை நம்பித்தான் இருக்கிறோம். அது வராவிட்டால் வீட்டை பேங்க் எடுத்துக்கொள்ளும்.

நவம்பர் 9, சனி

அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா, இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். முருங்கைக்காய் கொண்டுவந்தாள். வந்ததும் அப்பா தலையைத் தடவி அழுதாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பெருமாள் கோயிலுக்கு மறுபடி கூட்டிட்டுப் போன்னு எத்தன தடவ சொல்றது? அப்ப ஒரு மண்டலம் இருந்துதானே சரியாச்சு. மாத்திரையாம் மாத்திரை. பேசறது கூட நின்னு போச்சு."

அம்மா முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"காது கேக்குதா, கலாமணி?"

"கேக்குதுங்க அண்ணி."

"என்ற தம்பி கல்லாட்டம் இருந்தவன். இந்த வீட்டுக்கு என்ன வந்துச்சோ."

எனக்கு அப்போது ஐந்து வயது. அந்தக் கோயில் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆற்றங்கரை. காலையில் குளிப்பார்கள், ஈரத்துணியோடு மண்டபத்தில் வரிசையாக உட்காருவார்கள், உச்சிவேளையில் அர்ச்சகர் வந்து முகத்தில் தண்ணீரை அடிப்பார். அப்பா மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பட்டதும் கண்ணை இறுக்கி மூடுவார். எனக்குச் சிரிப்பாக வரும்.

அப்படியானால் அன்றைக்கு அம்மா "முன்ன ஒண்ணுமே இல்லியே" என்றது பொய். எங்களுக்காகச் சொன்ன பொய். நானும் அப்படியே சொல்லியிருக்க வேண்டும்.

நவம்பர் 10

மாத்திரையை எண்ணிவைத்தேன். காலைக்கு இரண்டு, இரவுக்கு மூன்று. மறுபடி எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது.

நவம்பர் 16

அம்மா வேலை செய்யும் பிளே ஸ்கூல் மேடத்தின் தம்பி ஒருவர் கம்பெனிக்குப் பதில் எழுதிக் கொடுத்தார். "எனக்கு முன்பு எந்த மனநோயும் இருந்ததில்லை, ஆதாரம் இருந்தால் காட்டவும்." அப்பா கையெழுத்துப் போட அரை மணி நேரம் ஆனது. கை நடுங்குவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கையெழுத்துப் போட்ட பிறகு அப்பா அம்மாவைப் பார்த்து, "எதுக்கு கலா இதெல்லாம்? இருந்துச்சுன்னே வெச்சுக்கட்டும்," என்றார்.

"இல்லாததை எதுக்கு இருந்துச்சுங்கோணும்?"

அப்பா போர்வையை இழுத்துக்கொண்டார்.

நவம்பர் 17, ஞாயிறு

துணி துவைத்தேன். ரேஷனுக்குப் போனேன். பாமாயில் இல்லை. கபடி டீமிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டதாக பி.டி. மிஸ் சொல்லி அனுப்பினார்.

நவம்பர் 27

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது எழுத வேண்டும்.

ஆகஸ்ட்டில் ஒருவர் வந்தார். ஆல்பர்ட் என்று பெயர் சொன்னார். இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து சும்மா பார்க்க வந்ததாகச் சொன்னார். அப்பா மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா வேலையில். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். சுவரில் இருந்த கபடி சர்ட்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு, "ரைடரா, டிபெண்டரா பாப்பா?" என்றார். அவர் மகளும் விளையாடுகிறாளாம். நல்லவராகத்தான் இருந்தார்.

"அப்பாவை நெனச்சா கஷ்டமா இருக்குல்ல?" என்றார். தலையாட்டினேன்.

"சரியாயிடும். முன்னாடி எப்பவாவது இப்படி இருந்திருக்காரா?"

நான் சொன்னேன். "ஆமாங்க சார். நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப. நாப்பத்தெட்டு நாள் கோயில்ல இருந்தோம். அப்ப சரியாயிட்டாரு. இப்பவும் சரியாயிருவாரு." கோயில் பெயரையும் சொன்னேன்.

ஒரு முறை சரியானவர் என்று தெரிந்தால் எங்களை நம்புவார்கள், உதவி செய்வார்கள் என்று நினைத்தேன். அவர் எழுதிக்கொண்டார். போகும்போது நன்றாகப் படிக்கச் சொன்னார்.

மூன்றாவது பத்தியில் இருப்பது இதுதான். "நேரில் விசாரித்தபோது பாலிசிதாரரின் மகள் இதை உறுதிப்படுத்தினார்." அந்த வரியை மட்டும் நான் அம்மாவுக்குப் படித்துச் சொல்லவில்லை.

நவம்பர் 28

அப்பா மூச்சு விடுகிறாரா என்று இரண்டு முறை எழுந்து பார்த்தேன். விடுகிறார்.

டிசம்பர் 13, வெள்ளி

பதில் வந்துவிட்டது. மறுபடியும் முடியாது என்கிறார்கள். இந்த முறை ஆதாரம் என்று ஒரு ஜெராக்ஸ் வைத்திருக்கிறார்கள். கோயில் பதிவேட்டில் அப்பா பெயர் இருக்கும் பக்கம். அது தமிழில் இருக்கிறது. நான் படித்துச் சொல்லத் தேவையில்லை.

மயில்சாமி, கோவை. சித்தப் பிரமை. ஒரு மண்டலம். உடன் மனைவி, பெண் குழந்தை.

அம்மா அதைக் கையில் வைத்தபடி கேஸ் அடுப்புப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பால் பொங்கி வழிந்தது. நான் அணைத்தேன்.

"இது எப்படி அவங்களுக்குத் தெரிஞ்சுது? இந்தக் கோயில் பேரு?" என்றாள்.

அத்தை சொல்லியிருக்கலாம் என்றேன். என் வாய் அதைச் சொல்லிவிட்டது.

டிசம்பர் 14

அத்தை வந்து ஒரு மணி நேரம் கத்திவிட்டுப் போனாள். அம்மா அவளிடம் கேட்டிருக்கிறாள்.

"நான் எதுக்குடி சொல்றேன்? என்ற தம்பி வயித்துல நானே அடிப்பனா? உன்ற வாயில புழு வைக்க."

அம்மா தலையைக் குனிந்து நின்றாள். நான் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி இருந்தேன். எந்தப் பாடம் என்று இப்போது கேட்டால் தெரியாது.

டிசம்பர் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அம்மா மாவாட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்தில் சொன்னால் பாதிதான் கேட்கும் என்று நினைத்தேன். அவள் கிரைண்டரை நிறுத்திவிட்டாள். முதல் கடிதத்தை எடுத்துவரச் சொன்னாள். மூன்றாவது பத்தியை ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துச் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"அண்ணிகிட்ட நான் போய் மன்னிப்புக் கேக்கோணும்," என்றாள் முதலில்.

அவள் கையில் மாவு காய்ந்து வெள்ளையாகிவிட்டது.

"நீ பொய் சொல்லல கண்ணு. உனக்கு நாங்க சொன்னதை நீ சொன்ன. கோயில்ல இருந்தது உங்கப்பாவுக்காக இல்ல. எனக்காக."

எனக்குப் புரியவில்லை. அப்பா மொட்டையடித்து உட்கார்ந்திருந்தாரே என்றேன்.

"நான் தனியா உக்கார மாட்டேன்னு கத்துனேன். அதுக்காக அவரும் ஈரத்துணி கட்டிட்டுப் பக்கத்துல உக்காந்தாரு. தண்ணி ரெண்டு பேர் மூஞ்சிலயும்தான் அடிச்சாங்க. நீ அவரை மட்டும்தான் பாத்துருக்கற."

எனக்கு ஒரு தம்பி பிறந்து, பிறக்கும்போதே இறந்துபோயிருக்கிறான். அது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அம்மா தூங்காமல், சாப்பிடாமல், தலையணையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டு இருந்தது எனக்குத் தெரியாது. அத்தை அப்போதே அப்பாவுக்கு வேறு பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டாளாம். அதனால் அப்பா ஊர் முழுக்க, கம்பெனியில், அத்தையிடம் எல்லாம், தனக்குத்தான் மனசு சரியில்லை என்று சொல்லிவிட்டு லீவு போட்டிருக்கிறார். கோயிலில் பேர் கேட்டபோதும் தன் பேரையே கொடுத்திருக்கிறார்.

"ஆம்பளைக்கு வந்தா நாலு நாளு பேசுவாங்க, மறந்துருவாங்க. உனக்குன்னா வீட்டை விட்டே அனுப்பிருவாங்க கலான்னாரு."

அப்பா விழித்துத்தான் இருந்தார். கட்டிலிலிருந்து குரல் வந்தது. "கலா, புள்ளகிட்ட எதுக்கு அதெல்லாம்? கோயில்ல இருந்தது நான்தான்."

நான்கு மாதத்தில் அவர் பேசியதிலேயே பெரிய பேச்சு அது.

2025 ஜனவரி 6

சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் என்று ஒருவர் இருக்கிறாராம். அவரிடம் மனு போட்டோம். வக்கீல் வைக்கக் கூடாதாம், நாமேதான் பேச வேண்டும்.

மனுவில் கோயில் யாருக்காக என்று எழுதவில்லை. அம்மா எழுத வேண்டாம் என்றாள். "ஆயா வேலைக்குச் சேர்றப்ப ஒரு ஃபாரம் குடுத்தாங்க. சின்னக் கொழந்தைகளைப் பாக்கற வேலை. எந்த நோயும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டுருக்கறேன். இருக்கற ஒரு சம்பளமும் போச்சுன்னா?"

ஜனவரி 28

அரையாண்டு மார்க். கணக்கில் 41. போன வருஷம் 88. அம்மா கையெழுத்துப் போட்டாள்.

பிப்ரவரி 20

அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு எங்கோ போய்வந்தாள். கால் முழுக்கத் தூசி. பெரிய ஆஸ்பத்திரியின் பழைய ரெக்கார்டு ரூமில் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறாள். கோயிலிலிருந்து வந்த பிறகும் சரியாகாமல், ஏழு மாதம் அங்கே மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள். அந்தச் சீட்டின் நகல். பெயர் கலாமணி, வயது 27.

"சென்னைக்கு எடுத்துட்டுப் போறதுக்கா இதக் கொண்டாந்த?" என்றார் அப்பா.

"பையில கெடக்கட்டுங்க. குடுப்பனோ மாட்டனோ."

மார்ச் 17

நாளைக்குத்தான் சென்னையில் விசாரணை. அதிகாலை ரயிலுக்கு மூன்று மணிக்கே எழ வேண்டும். கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். கேஸ் பார்த்தேன். பிறகு கதவு பார்க்கவில்லையோ என்று தோன்றியது.

மார்ச் 18, செவ்வாய்

ரயிலில் திரும்பி வந்து இப்போதுதான் எல்லோரும் படுத்தார்கள். மறப்பதற்குள் எழுதுகிறேன்.

சின்ன அறை. மேஜைக்குப் பின்னால் குறைதீர்ப்பாளர் ஐயா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். கம்பெனி சார்பில் ஒரு இளைஞர், எல்லாவற்றையும் கலர் கலராகக் காகிதக் கொடி ஒட்டிய ஃபைலில் வைத்திருந்தார். ஆல்பர்ட் வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

ஐயா கோயில் ஜெராக்ஸை எடுத்து அப்பாவிடம் காட்டினார். "மயில்சாமி, இது உங்க பேர்தானே? அங்க தங்கி இருந்தது நீங்கதானா?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமாங்க. நான்தாங்க."

கம்பெனிக்காரர் பேனாவை மூடினார்.

"யாருக்காகத் தங்குனீங்க?" என்றார் ஐயா.

"எனக்குத்தாங்க. எனக்குத்தான் மனசு சரியில்லைங்க."

இவ்வளவு தெளிவாக அப்பா பேசி எத்தனையோ மாதம் ஆகிறது. பாலிசிக்கு எதிராகத் தானே சாட்சி சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியும். வீடு போகும் என்றும் தெரியும். ஒரு தடவைகூட அம்மா பக்கம் திரும்பவில்லை.

அம்மா எழுந்து நின்றாள். "இல்லீங்கய்யா."

"உக்காந்தே சொல்லுங்கம்மா."

அவள் உட்காரவில்லை. "கொழந்தை செத்துப் பொறந்துச்சுங்க. அதுக்கப்புறம் எனக்குத்தான் முடியாமப் போச்சு. இவரு தன் பேரை எழுதிட்டாருங்க."

"கலா, சொல்லாத."

"போதுங்க மாமா. பத்து வருசமா நீங்க வெச்சிருந்தீங்க. என்றதை என்றகிட்டக் குடுங்க."

அப்பா அழுதார். சத்தம் இல்லாமல், தோள் மட்டும் ஆடியது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கம்பெனிக்காரர், "சார், பணம் வரணும்னு இப்ப மாத்திச் சொல்றாங்க. எப்படி நம்புறது? இவங்க பொண்ணே அப்பாவுக்குத்தான்னு சொல்லியிருக்கு," என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எனக்கு அப்ப அஞ்சு வயசுங்க," என்றேன்.

அம்மா பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள். ஐயா கண்ணாடியை இறக்கி ரொம்ப நேரம் படித்தார். தேதியைக் கோயில் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தார்.

"இதெல்லாம் உத்தரவுல எழுத வேண்டியிருக்கும்மா. உங்க பேரோட. பரவாயில்லையா?"

"எழுதிக்குங்க."

ஐயா கம்பெனிக்காரர் பக்கம் திரும்பி, கோயிலில் தங்கியது தவிர மயில்சாமி அப்போது எந்த டாக்டரிடமாவது காட்டியதற்கு ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். அவர் கொடிகளைப் புரட்டினார். சிவப்பு, மஞ்சள், பச்சை. இல்லை என்றார்.

ரயிலில் அம்மா ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே வந்தாள்.

ஏப்ரல் 15

பரீட்சை முடிந்தது. சமூக அறிவியலில் கடைசிக் கேள்வி எழுத நேரம் இல்லை.

ஏப்ரல் 21, திங்கள்

உத்தரவு வந்தது. அப்பாவுக்கு முன்பு நோய் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை. கம்பெனி கொடுக்க வேண்டும். ஏழு பக்கம். ஐந்தாவது பக்கத்தில் அம்மாவின் பெயரும் அவளுடைய நோயும் இருக்கிறது. எல்லாவற்றையும் படித்துச் சொன்னேன்.

"வீடு இருக்கும்," என்றாள் அம்மா. பிறகு பருப்பு ஊறப் போட்டாள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதிய டாக்டர் சர்ட்டிபிகேட் அனுப்ப வேண்டும் என்று கம்பெனியிலிருந்து உடனே இன்னொரு கடிதமும் வந்திருக்கிறது.

ஏப்ரல் 29

அம்மா போய் அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அத்தை, "என்ற தம்பிய இத்தன வருசம் பைத்தியம்னு ஊரே பேசறதக் கேட்டுட்டு இருந்தியே, நல்லா இருப்பியா?" என்றாளாம். அம்மா அதை என்னிடம் சொல்லும்போது, "அவங்க கேக்கறதும் நாயந்தான்," என்றாள்.

மே 2

பிளே ஸ்கூலில் அம்மாவைக் குழந்தைகள் ரூமிலிருந்து எடுத்து, பாத்திரம் கழுவும் இடத்தில் போட்டுவிட்டார்கள். சம்பளம் குறைவு. யார் சொன்னார்கள் என்று அம்மா கேட்கவில்லை. மேடம் நல்ல மாதிரியாகத்தான் சொன்னாராம். "உங்க நல்லதுக்குத்தாங்க கலாமணி, டென்ஷன் இல்லாம இருக்கும்."

மே 3

அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். இரண்டு மணி இருக்கும். நான் மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிக்கொண்டிருந்தேன். நோட்டை உட்காரும் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டேன், அதை அவள் பார்க்கவில்லை.

"இது எத்தனாவது தடவ?"

"இப்பத்தான்."

"தாரிகா."

"நாலாவது."

பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவை என் கையிலிருந்து வாங்கி மூடினாள். "எத்தன நாளா தூங்கல?"

தீபாவளியிலிருந்து என்றேன்.

"எனக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. நான் கொடியில கெடக்கற துணிய எண்ணுவேன்."

மே 5, திங்கள்

அப்பா நாங்கள் கிளம்பும்போது, "மருந்துச் சீட்ட என்ற பேர்ல வாங்கிக்குங்க, எனக்குத்தான் ஏற்கனவே இருக்குதே," என்றார். அம்மா சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் வரிசை கேட் வரை இருந்தது. நிற்க நிற்க எனக்குப் பயம் அதிகமானது. கம்பெனிக் கடிதங்களையெல்லாம் நான் படித்திருக்கிறேன். அம்மாவைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

"அம்மா, எழுதிட்டா அப்பறம் அது அப்படியே இருக்கும்மா. வேலைக்கு, லோனுக்கு, எல்லா ஃபாரத்துலயும் கேப்பாங்க. அப்பா சொன்ன மாதிரியே பண்ணிக்கலாமா?"

அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது.

"பேரு?" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர்.

அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யார் பெயரைச் சொல்வது என்று யோசிக்கிறாள், எனக்குத் தெரிந்தது.

"ஏனுங்கம்மா, பேரு சொல்ல இவ்வளவு நேரமா? பின்னால ஆளுக நிக்கறோம்ல," என்றார் பின்னால் ஒருவர்.

"தாரிகா," என்றாள் அம்மா. "மயில்சாமி மக. பதினஞ்சு வயசு. மனநலப் பிரிவுங்க."

சீட்டு வந்தது. மேலே தேதி அச்சாகி இருந்தது. இனி எந்தக் கம்பெனி கேட்டாலும் இந்தத் தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள். அம்மா அதைத் தன் பையில் வைத்துக்கொள்ளாமல் என் கையில் கொடுத்தாள்.

ஏழாம் நம்பர் அறை. எங்களுக்கு முன்னால் பதினொரு பேர் இருந்தார்கள். உட்கார இடம் ஒன்றுதான் இருந்தது. மாற்றி மாற்றி உட்கார்ந்தோம்.